கம்பி கட்டுற கதை

ஸ்டீரியோவுக்குப் பின்னால் ஓடும் வயரை மாற்றினால் பாட்டு மாறுமா? இந்தக் கேள்வியால் பேச்சுவார்த்தை நின்றுபோன நண்பர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். சாதா வயரே போதும் என்பவரை எதிராளி செவிடு என்கிறார். ஆயிரக்கணக்கில் டாலர் கொட்டி வயர் வாங்கியவரை இவர் ஏமாளி என்கிறார். ஏதோ நம் காலத்துப் பணக்காரக் கிறுக்கு என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். இந்த வழக்குக்கு 170 வயது ஆகப்போகிறது. பிள்ளையார் சுழி போட்டவர் இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்து அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவர். அவர் மல்லுக்கு நின்ற வயரின் நீளம் சுமார் 2,000 மைல்.

அவர் பெயர் எட்வர்ட் ஆரஞ்ச் வைல்ட்மேன் வைட்ஹவுஸ். ஆரஞ்சு, காட்டு மனிதன், வெள்ளை வீடு என்று ஒரு தெருவே அடங்கிய பெயர். பகலில் கத்தி பிடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் பேட்டரியும் சுருளுமாக விளையாடிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் மின்சாரத்துக்குப் பட்டமும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. தைரியம் இருந்தால் நிபுணர். டாக்டரிடம் தைரியத்துக்குப் பஞ்சமே இல்லை.

1856-ல் அட்லாண்டிக் டெலிகிராஃப் கம்பெனி பிறந்தது. முன்னால் நின்றவர் சைரஸ் ஃபீல்ட், நியூயார்க் காகித வியாபாரி. காகிதத்தில் சம்பாதித்த காசைக் கடலில் போட ஆசைப்பட்டவர். அயர்லாந்திலிருந்து நியூஃபவுண்ட்லாந்து வரை கடலுக்கடியில் தந்திக் கம்பி போடுவது திட்டம். மூலதனம் 3,50,000 பவுண்டு. தலைமை மின்சார அதிகாரி நம் டாக்டர்.

அதே கம்பெனியின் இயக்குநர் குழுவில் ஒரு கிளாஸ்கோ பேராசிரியரும் இருந்தார். வில்லியம் தாம்சன். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று உலகம் கொண்டாடப்போகிறவர். 22 வயதில் பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தவர். அவர் கணக்குப் போட்டு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். ஈர வேட்டியில் சொட்டிய நீலம் பரவுவதைப் போல, நீண்ட கடல் கேபிளில் ஒரு மின்துடிப்பு போகப் போகப் பரவி மங்கிவிடும். கேபிளின் நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும். ஆகவே செம்பு தடிமனாக இருக்க வேண்டும், மேலே சுற்றும் உறையும் தடிமனாக இருக்க வேண்டும்.

இது டாக்டருக்கு ஆகவில்லை. 1856-ல் செல்ட்டன்ஹாமில் கூடிய விஞ்ஞானிகள் சபையில் எழுந்து, தன் சோதனைகளின்படி இந்த வர்க்க விதி செல்லாது என்று ஒரே போடாகப் போட்டார். கம்பெனிக்கும் இது தேன் வந்து பாய்ந்த மாதிரி. தடித்த செம்புக்குக் காசு அதிகம், நாளும் அதிகம். ஏற்கெனவே ஒல்லிக் கேபிளுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. ஒல்லியே போதும் என்று சொல்ல ஒரு டாக்டரும் கிடைத்தாயிற்று. அப்புறம் என்ன?

கேபிளைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். நடுவில் ஏழு செம்புக் கம்பி முறுக்கிய புரி. கடல் மைலுக்கு 107 பவுண்டு எடை. மேலே மூன்று சுற்று கட்டாபெர்ச்சா. மலாய்க் காட்டு மரத்துப் பால் அது. இன்றைக்கும் ரூட் கேனால் செய்யும்போது பல் டாக்டர் உள்ளே வைத்து அடைப்பது அதைத்தான். அதற்கு மேல் தார் தோய்த்த சணல். அதற்கும் மேல் கவசமாக இரும்புக் கம்பி முறுக்கு.

இந்த முறுக்கில்தான் கூத்து. அவசரத்தில் வேலையை இரண்டு கம்பெனிக்குப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். கிரீனிச்சில் ஒருவர், பர்க்கன்ஹெட்டில் ஒருவர். இரண்டு பேரும் மும்முரமாக வேலை பார்த்து முடித்த பிறகு பார்த்தால், ஒருவர் இடமாக முறுக்கியிருக்கிறார், மற்றவர் வலமாக முறுக்கியிருக்கிறார். நேராகச் சேர்த்துத் தொங்கவிட்டால் ஒன்றை ஒன்று பிரித்துவிடும். நடுக்கடலில் இணைப்புப் போட, முறுக்கு அவிழாமல் பிடித்துக்கொள்ளத் தனியாக ஒரு கட்டுமானமே செய்ய வேண்டியதாயிற்று. இப்போது கடையில் விற்கும் ஆடியோ கேபிளில் அம்புக்குறி போட்டு ‘இந்தப் பக்கமாக மாட்டவும்’ என்கிறார்களே, சரித்திரத்தில் உண்மையாகவே திசை பார்க்க வேண்டியிருந்த கேபிள் இது ஒன்றுதான் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

தாம்சன் இன்னொரு காரியமும் செய்தார். வெவ்வேறு ஆலையிலிருந்து வந்த செம்பை வாங்கி 1857-ல் அளந்து பார்த்தார். எல்லாம் செம்பு என்றுதான் பெயர், மின்சாரத்தைக் கடத்துவதில் ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டவில்லை. சுத்தமான செம்பு வேண்டும், அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று கம்பெனியின் கழுத்தில் உட்கார்ந்தார். இன்றைய பளபள அட்டையில் ‘ஆக்சிஜன் இல்லாத செம்பு, 99.99 சதவீதம்’ என்று எழுதி விலையில் ஒரு சைபர் சேர்க்கிறவர்கள் தாம்சன் படத்துக்கு மாலை போட வேண்டும். ஒரே ஒரு வித்தியாசம்: அவருடைய செம்பு ஒரு சமுத்திரத்தைத் தாண்ட வேண்டியிருந்தது.

1857-ல் முதல் முயற்சி. கேபிள் அறுந்து கடலோடு போனது. அடுத்த வருஷம் ஜூனில் மறுபடியும் அறுந்தது, மறுபடியும் போனது. டாக்டர் இதில் எந்தக் கப்பலிலும் ஏறவில்லை. உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். டாக்டர் தனக்குத்தானே சர்டிபிகேட் எழுதிக்கொள்வதை யார் கேட்பது? அவருக்குப் பதிலாகத் தாம்சன் சம்பளம் வாங்காமல் புயலில் ஆடி ஆடிப் போனார். ஒரு வழியாக ஆகஸ்ட் 5, 1858-ல் அகமெம்னான் கப்பல் அயர்லாந்தின் வேலன்ஷியா தீவிலும், நயாகரா கப்பல் நியூஃபவுண்ட்லாந்திலும் கேபிளின் நுனியைக் கரை சேர்த்தன.

முதல் சில நாள் இரண்டு கரைக்கும் நடுவே ஓடிய உரையாடல், டவர் கிடைக்காத ஊரில் மாமியார் போன் பேசுவதற்குச் சற்றும் குறையாதது. கேட்கிறதா, திரும்பச் சொல், மெதுவாகச் சொல், இன்னும் மெதுவாக. விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்கு அனுப்பிய வாழ்த்து 98 சொல். போய்ச் சேர்ந்து முடிய 16 மணி நேரம். புறாவிடம் கொடுத்திருக்கலாம் என்று சொல்ல வாய் வருகிறது. அட்லாண்டிக்கைத் தாண்டும் புறா கிடையாது என்பதால் விட்டுவிடுகிறேன்.

வேலன்ஷியாவில் உட்கார்ந்திருந்த டாக்டரின் சொந்தத் தயாரிப்பான கருவி வாயே திறக்கவில்லை. தாம்சனின் கண்ணாடிக் கால்வனோமீட்டர் மட்டும் வேலை செய்தது. சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத ஒரு கண்ணாடி, அதன் முதுகில் ஒட்டிய காந்தம், விளக்கு வெளிச்சம் விழும் ஒரு அளவுகோல். கம்பியில் ஒரு சிணுங்கல் வந்தாலும் ஒளிப்புள்ளி நகரும். டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? தாம்சன் கருவியில் செய்தியை வாங்கி, அதைத் தன் கருவிக்குள் மறுபடி தட்டி, தன் கருவியே பிடித்ததாக லண்டனுக்குக் காட்டினார். பக்கத்து பெஞ்சைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டு வகுப்பில் முதல் மாணவன் என்று பெயர் வாங்கும் வித்தை.

அதோடு விட்டாரா? கேபிள் திணறுகிறது என்றதும் அவருக்குத் தோன்றிய மருந்து ஒன்றே ஒன்று: டோஸை ஏற்று. ஐந்தடி நீளச் சுருள்களை வைத்துக்கொண்டு சுமார் 2,000 வோல்ட்டைக் கம்பிக்குள் ஏற்றினார். கட்டாபெர்ச்சா ஏற்கெனவே அங்கங்கே பலவீனம். சில வாரத்தில் நோயாளி பேச்சை நிறுத்திவிட்டார்.

அந்தச் சில வாரத்தில் உருப்படியாக ஒரு வேலை நடந்தது. அதில் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1857-ல் இங்கே வெடித்த சிப்பாய்ப் புரட்சிக்காகக் கனடாவிலிருந்த இரண்டு ரெஜிமெண்டைத் திரும்பி வரும்படி பிரிட்டிஷ் அரசு கடிதம் அனுப்பியிருந்தது. புரட்சியை அடக்கியாயிற்று, வர வேண்டாம் என்று கேபிளில் தகவல் போனது. கப்பல் செலவில் 50,000 பவுண்டு மிச்சம். வெள்ளைக்காரன் கடலுக்கடியில் கம்பி போட்டாலும் கடைசியில் அது நம் தலையில்தான் வந்து முடிகிறது.

நியூயார்க்கில் இதற்குள் தலைகால் புரியவில்லை. மகாராணியின் செய்தி வந்த மறுநாள் ராத்திரி வாணவேடிக்கை விட்டதில் நகர மண்டபத்தின் கூரையே தீப்பிடித்துக்கொண்டது. செப்டம்பர் 1-ம் தேதி சைரஸ் ஃபீல்டுக்கு ஊர்வலமும் கொண்டாட்டமும். ஏறக்குறைய அதே நேரத்தில் கேபிள் கண்ணை மூடிவிட்டது. மாலை போட்டுக்கொண்டிருந்த கழுத்துக்கு விஷயம் அப்புறம்தான் தெரிந்தது.

இந்தக் களேபரத்தில் லாபம் பார்த்தவர் வேறொருவர். வைரக்கடை டிஃபனி. மீந்துபோன கேபிளை மைல் கணக்கில் ஃபீல்டிடம் வாங்கி, நாலு அங்குலத் துண்டாக வெட்டி, பித்தளைப் பூண் மாட்டி, ‘அசல்’ என்ற சான்றிதழோடு துண்டு 50 சென்ட்டுக்கு விற்றது. கைத்தடி, குடைப்பிடி எல்லாம்கூடக் கேபிளில் செய்து கொடுத்தார்கள். எதோடும் இணைக்காத, எதையும் கடத்தாத கேபிளுக்கு நகைக்கடை விலை கிடைக்கும் என்று உலகம் முதலில் தெரிந்துகொண்டது அப்போதுதான். ஆடியோ கேபிள் தொழிலின் ஸ்தாபகர் யார் என்று என்னைக் கேட்டால், நான் டிஃபனியைத்தான் கை காட்டுவேன்.

டாக்டர் வேலையிழந்தார். விசாரணை கமிஷன் உட்கார்ந்தது, பழியில் பெரும் பங்கு அவர் தலையில் விடிந்தது. அவர் விடாமல் தன் பக்க நியாயத்தை அச்சடித்து வெளியிட்டார். நியாயமாகப் பார்த்தால் அந்தக் கேபிள் பிறவியிலேயே சவலை, அவர் கை வைக்காவிட்டாலும் நெடுநாள் இருந்திருக்காது. 1866-ல் மறுபடி போட்ட கேபிளில் செம்பு கடல் மைலுக்கு 300 பவுண்டு. தாம்சன் சொன்னபடி போட்டார்கள், பேசியது. அவருக்கு அதே வருஷம் சர் பட்டம்.

அடுத்த தலைமுறையிலும் இதே கூத்து. ஆலிவர் ஹெவிசைட், பள்ளிப் படிப்போடு நின்ற முன்னாள் தந்தி ஊழியர். தொலைபேசிக் கம்பியில் குரல் ஏன் குழைகிறது என்று கணக்குப் போட்டவர், 1887-ல் ஒரு விநோதமான வைத்தியம் சொன்னார்: கம்பியில் தூண்டத்தை (இண்டக்டன்ஸ்) கூட்டுங்கள், குரல் தெளியும். பிரிட்டிஷ் தபால் துறையின் மின்சாரப் பெரியவர் வில்லியம் பிரீஸ், தூண்டம் என்பதே தொலைபேசிக்கு எமன் என்று நம்பியவர். கட்டுரையை வெளிவரவிடாமல் முட்டுக்கட்டை போட்டார். சில வருஷம் கழித்து அமெரிக்காவில் மைக்கேல் பூப்பின் அதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கி லட்சக்கணக்கான டாலர் பார்த்தார். ஹெவிசைட் வீட்டில் நாற்காலி மேஜைக்குப் பதில் கருங்கல் பாறைகளைப் போட்டு உட்கார்ந்திருந்தார் என்று சொல்வார்கள். அந்த மனிதருக்கு நடந்ததைப் பார்த்தால், பாறையை யார் தலையிலும் போடாமல் உட்கார மட்டும் வைத்துக்கொண்டாரே என்று தோன்றுகிறது.

ஆக, கம்பி முக்கியமாக இருந்த இடத்தில் நாற்காலியில் இருந்தவர்கள் அதைக் கால் தூசுக்கு மதிக்கவில்லை. கம்பி வீட்டுக் கூடத்துக்கு வந்து மூன்று மீட்டராகச் சுருங்கிய பிறகு அதற்குக் கற்பூரம் காட்டுகிறார்கள்.

ஏன் சுருங்கினால் விஷயம் மாறுகிறது? மனிதக் காது கேட்கும் உச்ச சுருதி 20,000 ஹெர்ட்ஸ். அந்தத் துடிப்பின் மின் அலையின் நீளம் வெட்டவெளியில் 15 கிலோமீட்டர், கேபிளுக்குள் அதைவிடக் கொஞ்சம் குறைவு. அலை அத்தனை கிலோமீட்டர் நீளம் இருக்கும்போது ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கர் வரை ஐந்து மீட்டர் எந்த மூலைக்கு? தாம்சனின் வர்க்க விதி இங்கே தூங்கப் போய்விடும். மிஞ்சுவது மின்தடை. 2.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு வயரில் ஐந்து மீட்டர் போக, ஐந்து மீட்டர் வர என்றால் தடை சுமார் 0.07 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். இழப்பு ஒரு டெசிபெலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே இடத்தில் நூல் மாதிரி 24 கேஜ் வயரைப் போட்டால் தடை 0.8 ஓமுக்கு மேல் போய்விடும். ஒலி கொஞ்சம் இறங்கும். ஸ்பீக்கரின் ஓம் சுருதிக்குச் சுருதி மாறும் என்பதால் தொனியும் லேசாகக் கோணும். இதைக் காது பிடிக்கும். பழைய இசைத்தட்டு பிளேயரில் ஊசிப்பெட்டியிலிருந்து வரும் வயரின் மின்தேக்கத்தைக் கூட்டிக் குறைத்தாலும் மேல் சுருதி நிஜமாகவே மாறும். ஆக, வயரால் ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்கிறவரும் பாதி தப்புதான். மொத்தமான செம்பு வேண்டும், முனை இறுக்கமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் நீங்கள் வாங்குவது டிஃபனியின் கைத்தடி.

1970-கள் வரை கடைக்காரர் ஸ்பீக்கரோடு மேஜை விளக்கு வயரைச் சும்மா வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் அந்தச் சும்மாவுக்கு முற்றுப்புள்ளி வைத்தவர் நோயல் லீ. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் எந்திரப் பொறியாளர், ராத்திரியில் இசைக்குழுவில் டிரம்ஸ். தடித்த செம்பை ஒளி ஊடுருவும் உறையில் போட்டு, 1979-ல் ‘மான்ஸ்டர் கேபிள்’ என்று பெயர் வைத்துக் கடை திறந்தார். வயர் தடியாக இருந்ததால் நல்ல வயர்தான். ஆனால் மனிதர் கண்டுபிடித்த பெரிய விஷயம் செம்பில் இல்லை, கல்லாவில் இருந்தது. டிவியிலும் ஆம்ப்ளிஃபையரிலும் கடைக்காரருக்குக் கிடைப்பது சுண்டைக்காய் லாபம், வயரில் கிடைப்பது அள்ளும் லாபம் என்று விற்பனைப் பையன்களுக்குப் பாடமே நடத்தினார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வாடிக்கையாளர் பெட்டியோடு வாசலைத் தாண்டும் முன் ‘சார், கேபிள்?’ என்று ஒரு குரல் வரும். பழைய வயரோடு வீட்டுக்குப் போகிறவர், பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்ட குற்ற உணர்ச்சியோடு போவார்.

காசு கொட்டியது. 2004-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் விளையாட்டரங்குக்கு நாலு வருஷத்துக்கு 60 லட்சம் டாலர் கொடுத்து ‘மான்ஸ்டர் பார்க்’ என்று பெயர் மாற்றினார்கள். ஊர்க்காரர்கள் அதே வருஷம் ஓட்டுப்போட்டு, ஒப்பந்தம் முடிந்ததும் பழைய பெயரே திரும்ப வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். பெயரில் ‘மான்ஸ்டர்’ வைத்திருந்தவர்கள் மேலெல்லாம் வழக்குப் போடுவது கம்பெனியின் பொழுதுபோக்காக இருந்தது. மினி கோல்ஃப் நடத்தியவர்களைக்கூட விடவில்லை. ராட்சசன் என்ற சொல்லே தன் பூர்வீகச் சொத்து என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

1983 ஆகஸ்ட்டில் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ பத்திரிகை இந்தப் பஞ்சாயத்தைக் கண்ணைக் கட்டித் தீர்த்துவிடலாம் என்று இறங்கியது. சோதனை நடத்தியவர் லாரன்ஸ் கிரீன்ஹில். தொழில், மனநல மருத்துவம். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள். மான்ஸ்டர் கேபிள், 16 கேஜ் விளக்கு வயர், 24 கேஜ் நூல் வயர் மூன்றையும் எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார். பாட்டு ஓடும்போது மான்ஸ்டரையும் விளக்கு வயரையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நூல் வயர் மட்டும் மட்டம் என்று பிடிபட்டது. அதாவது, ஓம் கணக்கு என்ன சொன்னதோ அதையேதான் காதும் சொன்னது. எல்லாரும் படித்தார்கள். அப்புறம் கேபிள் விற்பனை இன்னும் சூடு பிடித்தது.

2007-ல் மந்திரவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி உள்ளே நுழைந்தார். ஆவியோடு பேசுகிறேன், கரண்டியை மனசால் வளைக்கிறேன் என்று வருகிறவர்களுக்காக 10 லட்சம் டாலர் பரிசு கட்டி வைத்திருந்தவர். ‘பேர்’ என்ற நிறுவனத்தின் ஆன்ஜூ கேபிள், 12 அடி ஒரு ஜோடி 7,250 டாலர். இந்தக் கேபிளைக் கேட்டால் ஆடத் தோன்றுகிறது என்ற பொருளில் ஒருவர் விமர்சனம் எழுதியிருந்தார். ஆவிகளோடு இதையும் சேர்த்துக்கொண்டார் ராண்டி. சாதா கேபிளையும் இதையும் கண்ணால் பார்க்காமல் பிரித்துச் சொன்னால் பணம் உங்களுக்கு என்றார். ‘ஸ்டீரியோஃபைல்’ பத்திரிகையின் மைக்கேல் ஃப்ரெமர் சவாலுக்கு நான் தயார் என்று வேட்டியை மடித்துக் கட்டினார். இந்த இடத்தில் கேபிள் கம்பெனி கம்பி நீட்டிவிட்டது. சோதனைக்குக் கேபிள் தர மாட்டோம் என்றார்கள். என் வீட்டுக் கேபிளையே கொண்டு வருகிறேன் என்றார் ஃப்ரெமர். விதிமுறை எழுதுவதிலேயே வாய்த்தகராறு முற்றி, ஒரு நிமிஷம்கூடப் பாட்டுக் கேட்காமல் போட்டி கலைந்தது. பயந்து ஓடியது அவர்தான் என்று இவரும், இவர்தான் என்று அவரும் சொல்லிக்கொண்டார்கள்.

2008-ல் டெனான் நிறுவனம் ஒன்றரை மீட்டர் ஈதர்நெட் கேபிள் ஒன்றை 499 டாலருக்கு இறக்கியது. கம்ப்யூட்டருக்கு மாட்டுகிற அதே ஜாதி கேபிள். தகவல் இரண்டு பக்கமும் ஓடக்கூடிய அந்த வயரிலும் திசை காட்டும் அம்புக்குறி. வாங்காதவர்கள் எல்லாரும் வரிந்து கட்டிக்கொண்டு விமர்சனம் எழுதினார்கள். சிரிப்புக்காக எழுதிய அந்த விமர்சனங்களில் சில, கேபிள் கம்பெனிகளின் நிஜ விளம்பரத்தோடு கலந்து வைத்தால் பிரித்தெடுக்க முடியாத ரகம். அதற்கும் ஒரு கண்கட்டுச் சோதனை நடத்தலாம்.

இப்போது கேபிள் தரையில் படுத்தால் ஒலி கெட்டுவிடும் என்று சொல்லி, அதைத் தூக்கி நிறுத்தப் பீங்கானிலும் மரத்திலும் குட்டிக் குட்டி முட்டுக்கால் விற்கிறார்கள். ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கர் வரை வரிசையாக நட்டு, அதன் மேல் வயரை ஓட்ட வேண்டும். பாட்டுக்கு இதனால் என்ன ஆகிறதோ, வயருக்கு அடியில் இப்போதுதான் துடைப்பம் போகிறது.